தரையை நம்பினேன்

"எப்போ மொதல்ல சந்தேகம் வந்துச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

என் மகள் மருந்து குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் ஒட்டியிருந்த வயர்களை அப்போதுதான் பிரித்தெடுத்திருந்தார்கள். பசை பட்ட இடத்தில் முடி ஒட்டிக்கொண்டு நின்றது. அதை நான் விரலால் நீவிக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டு மாசமா, மேடம்" என்றேன்.

பக்கத்தில் நின்ற என் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு என் மகளுக்கு மூன்று வயது முடிந்து நாலு மாதம். எனக்கு முதல் சந்தேகம் வந்தபோது அவளுக்கு எட்டு மாதம்.

நான் கவலைப்படுகிறவள். எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பால் குடித்தால் புரை ஏறிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன், குடிக்காவிட்டால் ஏன் குடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பேன். விடிகாலையில் காற்றில் கம்பெனி வாடை வந்தால் ஜன்னலைச் சாத்துவேன். சாத்தினதால் குழந்தைக்கு மூச்சு முட்டுமோ என்று திறப்பேன். ஒருமுறை அவள் ரொம்ப நேரம் தூங்குகிறாள் என்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த நர்ஸ், "கொழந்த தூங்கறதுக்கெல்லாம் தூக்கினு வந்தா நாங்க எப்போம்மா தூங்கறது?" என்று கேட்டார். காசிமேட்டில் மீன் விற்கும் என் நாத்தனார் அந்தக் கதையைக் கூடைக்காரிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "எந் தம்பி பொண்டாட்டிக்கு கவலப்படலன்னா சோறு எறங்காது" என்பார். அதில் பொய் இல்லை.

திருவொற்றியூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில், முதல் மாடியில் எங்கள் வீடு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை அது. ஒரு லாரி நகர்ந்தால் எங்கள் தரை நடுங்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டும். என் கணவருக்கு கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைச் சங்கிலி போட்டு இறுக்கும் வேலை. நான் ஏழாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு கல்யாணம் வரை இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் நான் வாங்கியதெல்லாம் சுழிதான். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது டீச்சர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், அதுதான் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அட்டைக்காக.

எங்கள் பால்வாடியில் குழந்தை வளர்ப்பு வகுப்பு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். மாதம் ஒரு கூட்டம். அதில்லாமல் டீச்சரே மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுப்பார். வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். படம் போட்ட அட்டை. குப்புறக் கவிழ்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா, சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா என்று ஒவ்வொரு மாதத்துக்கும் சில கட்டங்கள். அதில் டீச்சர் சரி போட மாட்டார். பேனாவை என்னிடம் கொடுப்பார்.

"நான் வந்து பாக்கறது அரை மணி நேரம்மா. நீங்கதான் நாள் பூரா பாக்கறீங்க. பாத்து, உள்ளதை உள்ளபடி போடுங்க. இல்லன்னா இல்லன்னே போடுங்க, தப்பே இல்ல."

இதைவிடத் தெளிவாக ஒருத்தி சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அந்த அட்டை அட்டையாகத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பரீட்சைத்தாளில் நானே சரி போட்டுக்கொள்ளலாம். கட்டத்துக்குள் அடங்காமல், வால் நீளமாக இழுத்துச் சரி போடுவேன். பிறகு அதைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைப்பேன்.

நாங்கள் எதிலும் குறை வைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலில் துவரம்பருப்பு போட்டுக் கிலுகிலுப்பை செய்யச் சொன்னார்கள், செய்தோம். பழைய புடவையில் பந்து செய்யச் சொன்னார்கள், மூன்று செய்தோம். அப்பாக்கள் கூட்டம் என்று ஒருநாள் வைத்தபோது மொத்தமே மூன்று அப்பாக்கள்தான் வந்தார்கள். அதில் ஒருவர் என் கணவர். யார்டு யூனிஃபார்மோடு நாலு காலில் தவழ்ந்து, மகளை முதுகில் ஏற்றிக் குதிரையானார். வாசலில் எட்டிப் பார்த்த யாரோ, "இன்னா மாமு, கன்டெய்னரு ஏத்திட்டியா?" என்று கத்த, கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார். எங்கள் மூவரையும் படம் எடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். நல்லா கலந்துக்கற குடும்பம் என்று டீச்சர் மற்றவர்களுக்கு எங்களைக் காட்டுவார்.

இப்போது யோசித்தால் தெரிகிறது. எங்கள் விளையாட்டெல்லாம் தொட்டு விளையாடியவை. கிச்சுக்கிச்சு, குதிரை, தூக்கிப் போட்டுப் பிடிப்பது. கிலுகிலுப்பையை அவள் கண்ணுக்கு முன்னால்தான் ஆட்டினோம். நான் அவளை இடுப்பைவிட்டு இறக்கியதில்லை, அதனால் கூப்பிட வேண்டிய தேவையே அதிகம் வரவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒருநாள், தூங்குகிறவளின் தலைமாட்டிலேயே குக்கர் விசில் அடித்தது. நான் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினேன். அவள் இமைகூட ஆடவில்லை. அதன் பிறகு அடுப்படியில் இருந்தபடி கூப்பிட ஆரம்பித்தேன். சில சமயம் திரும்பினாள். பல சமயம் திரும்பவில்லை. இரண்டு நாள் கழித்துச் சாப்பாடு போடும்போது கணவரிடம் சொன்னேன். அன்று நாத்தனாரும் வந்திருந்தார்.

"இன்னாமே, எந் தம்பி பொண்ணுக்கு காது கேக்கலன்றியா? இரு, இப்பவே பாத்துடலாம்" என்று எழுந்தார். குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போய், எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

என் மகள் படக்கென்று திரும்பினாள். அத்தையைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள்.

"த்தோ! காது கீதுல்ல?" நாத்தனார் என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். "போன மாசம் உச்சிக்குழி துடிக்குதுன்ன. இந்த மாசம் காது. அடுத்த மாசம் இன்னா, மூக்கா?"

"அவ அப்டிதான்க்கா. வுடு" என்றார் கணவர், வாய்நிறையச் சோற்றோடு.

நானும் சிரித்தேன். அவ்வளவு நிம்மதி. அதற்கப்புறம் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், "இவுங்க அம்மா காது டெஸ்ட்டு வைப்பா" என்று தட்டைத் தரையில் தட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் அவள் திரும்பினாள். லாரி நகர்ந்தால் திரும்பினாள். வாசலில் யாராவது தொப்பென்று மூட்டையை இறக்கினால் திரும்பினாள். சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா என்ற கட்டத்தில் வால் நீளமாகச் சரி போட்டேன். அந்த மாதம் அது பொய் இல்லை.

பொய் அதற்குப் பிறகு வந்தது.

அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது எண்ணூர் பக்கத்துக் குப்பத்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி படகு இன்ஜினைப் பிரித்துச் சரி பண்ணிவிட்டு, கரையில் மரச்சட்டத்தில் மாட்டி, கயிற்றை இழுத்து ஓட்டிப் பார்த்தான். அந்தச் சத்தம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நெஞ்செலும்பில் வந்து இடிக்கும். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட முகத்தைச் சுளித்தார்கள். சுற்றி நின்ற குழந்தைகள் வீறிட்டு அம்மாக்களிடம் ஓடின.

என் மகள் இன்ஜினுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் டம்ளரில் மணலை அள்ளி, கவிழ்த்து, மறுபடியும் அள்ளினாள்.

"இன்னாக்கா, உம் பொண்ணு சிங்கங்கீது!" தம்பி கத்தினான். "இப்பவே கடலுக்கு கூட்டினு போலாம் போலயே!"

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்ஜினை நிறுத்தி, ஆட்கள் கலைந்த பிறகு, தம்பி வீட்டில் இருந்து தட்டும் கரண்டியும் எடுத்து வந்தேன். பத்தடி பின்னால் நின்று தட்டினேன். அவள் திரும்பவில்லை. ஐந்தடி. திரும்பவில்லை. அவள் பின்மண்டைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, என் காதே வலிக்கும் அளவுக்குத் தட்டினேன். அவள் டம்ளரைக் கவிழ்த்தாள். மணல் சரியாக நின்றதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, "இன்னாம்மா, காக்கா ஓட்டறியா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன்.

அன்றைக்கே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. அவளைத் தரையில் உட்கார வைத்து, பின்னால் போய், தட்டைத் தரையில் போட்டேன். திரும்பினாள். சிரித்தாள். மறுபடியும் போட்டேன். மறுபடியும் திரும்பினாள்.

மணல் ஒரு பதில் சொன்னது, தரை ஒரு பதில் சொன்னது. நான் தரையை நம்பினேன். அதிர்வு என்கிற விஷயம் எனக்குத் தெரியாது, அது உண்மை. ஆனால் தெரியாமல் நம்பினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எனக்கு எது பிடித்த பதிலோ அதை எடுத்துக்கொண்டேன். கடல் காற்று சத்தத்தை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான், பயப்பட வேண்டிய அந்த ஒரு நாளில் தைரியமாக இருந்துவிட்டேன்.

அதே வாரம் டீச்சர் வந்தார். அட்டையை விரித்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறாளா?"

"திரும்புவா டீச்சர்."

"ரெண்டு மூணு வார்த்த வருதா?"

"ம்மான்னுவா. ப்பான்னுவா."

அவள் உதட்டைச் சேர்த்து ம்ம் என்று ஒரு சத்தம் போடுவாள். அதைத்தான் அம்மாவாக எடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் பேனாவைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"நல்லா தெரியுமாம்மா? சந்தேகமா இருந்தா ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாம். நானும் வரேன்."

சொல்லியிருக்கலாம். மணல், இன்ஜின், கரண்டி என்று மூன்று வார்த்தை போதும், அவர் புரிந்துகொண்டிருப்பார். ஆனால் சொன்னால் நாத்தனார் மறுபடியும் கையை விரிப்பார். சுவரில் ஒட்டிய எங்கள் படம் இருந்தது. எல்லாவற்றையும்விட, வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும்.

"நல்லா தெரியும் டீச்சர்" என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

பேச்சு வரவில்லையே என்று பிறகு கணவரே ஒருநாள் கேட்டபோது, நாத்தனார் பதில் வைத்திருந்தார். "எங்க வூட்டு ஆளுங்க லேட்டாதான் பேசுவாங்க. நீயே நாலு வயசுலதான்டா நைனா வாயத் தொறந்த. இப்ப மூட முடியுதா?" அதற்கும் எல்லோரும் சிரித்தோம். அப்படிச் சிரித்துச் சிரித்தே ஒன்றரை வருஷம் போனது.

மூன்று வயதில் பால்வாடியில் விட்டேன். எல்லாக் குழந்தைகளையும் பார்த்து எல்லாம் செய்தாள். பாட்டுக்குக் கை அசைப்பாள், ஆனால் மற்ற குழந்தைகள் அசைத்து ஒரு நொடி கழித்து. சில வாரம் கழித்து ஒருநாள் தண்ணீர் பாட்டில் கொடுக்க மறந்து திரும்பப் போனேன். காலைப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் வரிசையாக நின்று, கை கூப்பி, கண்ணை இறுக்க மூடியிருந்தன. டீச்சர் சொல்லச் சொல்ல உதடுகள் அசைந்தன.

"சரி, கண்ணத் தொறங்க. எல்லாரும் ஓடிப்போய்ப் பாயில உக்காருங்க."

எல்லாம் ஓடின. என் மகள் மட்டும் நடுக்கூடத்தில் தனியாக நின்றாள். கை கூப்பியபடி, கண்ணை மூடியபடி, உதட்டை அசைத்துக்கொண்டு. ரொம்ப நேரம் நின்றாள். ஒரு சின்னப் பெண் ஓடி வந்து அவள் தோளைத் தட்டியதும் கண்ணைத் திறந்து, சுற்றிலும் யாரும் இல்லாததைப் பார்த்துத் திகைத்து, பாயை நோக்கி ஓடினாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதை அவர் பார்த்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்றார்.

நான் டாக்டரிடம் சொன்ன இரண்டு மாதம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஒவ்வொரு பரிசோதனையாகப் போனோம். காது சோதிக்கிற பெண்ணிடம் என் கணவர் கடைசிவரை வாதாடினார்.

"இல்லம்மா, வூட்டுல தட்டத் தட்டினா திரும்புவா. லாரி வந்தா திரும்புவா. எங்க வூட்டுக்கு வந்து பாருங்க."

"தரையில தட்டுவீங்களா சார்?"

"ஆமா."

"அது அதிர்வு சார். பாப்பா உடம்புல தெரிஞ்சிருக்கும். சத்தம் கேட்டுத் திரும்பல."

அவர் தன் காலடியைப் பார்த்தார். இரண்டு காதிலும் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அரசாங்கக் காப்பீட்டில் ஆபரேஷன் செய்து மிஷின் வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் அதோடு இன்னொன்றும் சொன்னார். "ஒரு வயசுல வச்சிருந்தா கூடவே பேச்சு வந்திருக்கும். இப்ப வச்சா சத்தம் கேக்கும். பேச்சு எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு மாசமும் கணக்குல உண்டும்மா."

நான் மனதுக்குள் எண்ணினேன். மணலில் இருந்து எண்ணினால் இருபத்திரண்டு மாதம்.

நாத்தனாருக்கு அழுகை கோபமாகத்தான் வரும். மறுநாள் மீன் வாடையோடு நேராகப் பால்வாடிக்குப் போனார். நான் குழந்தையோடு பின்னாலேயே ஓடினேன். பிள்ளைகளை அழைக்க வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, டீச்சரைப் பிடித்துக்கொண்டார்.

"மாசாமாசம் வந்து இன்னாத்த பாத்த நீ? பேனாவ நீட்டினு வந்தியே, கொழந்தைக்கு காது கேக்கலன்னு தெரியல? டிக்கு அடிச்சா ஆச்சா? எங்க பொண்ணு வாழ்க்க பேஜாரா பூட்சே!"

டீச்சர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை இல்லை அது. நான் குனிந்து என் மகளின் ஷூ பட்டையைச் சரிசெய்தேன். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

நாலு நாள் தூக்கமில்லை. ஐந்தாம் நாள் பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு போய்ச் சொன்னேன். இன்ஜின், மணல், கரண்டி, எல்லாம். அவர் என்னைச் சமாதானப்படுத்துவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் போல. பரவாயில்லம்மா என்பார், எல்லா அம்மாவும் இப்படித்தான் என்பார் என்று.

அவர் பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டி முடித்தார்.

"முட்டி வலியோட உங்க மாடிப்படி ஏறி ஏறி வந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தானம்மா" என்றார். "இல்லன்னு போட்டிருந்தா நான் உங்கள என்ன சொல்லியிருக்கப்போறேன்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அன்று மாலையே கணவரிடமும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். லுங்கி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நானுந்தான் குதிர ஆடினேன். ஒரு நாளாச்சும் தள்ளி நின்னு கூப்ட்டுப் பாத்தனா?" என்றார். எனக்குத் திட்டே தேவலை என்றிருந்தது. நாத்தனாரை டீச்சரிடம் அனுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தது அவர்தான். கேட்டார். ஆனால் அதன் பிறகு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்.

ஆபரேஷன் நடந்தது. தையல் ஆறி, மிஷினை ஓட்ட வரச் சொன்ன நாளில் எல்லோரும் குளித்துப் புதுத்துணி உடுத்திக்கொண்டு போனோம். காதுக்குப் பின்னால் ஒரு துண்டு, அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் காந்தம் உள்ள ஒரு வில்லை. அந்த வில்லை தலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். காது சோதித்த அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ அழுத்திவிட்டு, "அம்மா, நீங்க பேசுங்க. முதல்ல உங்க குரல் கேக்கட்டும்" என்றார்.

மூன்றரை வருஷமாக அவளிடம் சொன்னதையெல்லாம் முதலில் இருந்து சொல்ல வேண்டும் போல இருந்தது. "பாப்பா" என்றேன்.

அவள் முகம் கோணியது. என்னைப் பார்த்தாள். நான் மறுபடியும் "பாப்பா" என்றதும் வீறிட்டு, என் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"பயந்துட்டா, அவ்வளவுதான். எல்லாக் கொழந்தையும் இப்படித்தான்" என்றார் அந்தப் பெண். நான் நம்புகிறேன். நம்பத்தான் வேண்டும்.

இப்போது வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குப் போகிறோம். அங்கே இன்னொரு குழந்தை வருகிறது, கிட்டத்தட்ட என் மகள் வயது. ஒன்றே கால் வயதில் மிஷின் வைத்தார்களாம். போன மாதம் அது தன் அம்மாவின் முந்தானையை இழுத்து, "தண்ணி வேணும், பாட்டில் குடு" என்றது. நான் எழுந்து வெளியே போய், செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டேன்.

என் மகளுக்கு இப்போது நாலரை வயது. ப்பா என்று சொல்கிறாள். வா என்று சொல்கிறாள். நாய் குரைத்தால் கையை நீட்டுகிறாள். நிறையப் பேசுங்கள், செய்கிற வேலையை எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். நானும் பேசுகிறேன். அரிசி களைகிறேன் பாப்பா, தண்ணி ஊத்தறேன் பாப்பா, அடுப்பு பத்தவைக்கிறேன் பாப்பா. பயம் உள்ளவள் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, குரலும் ஏறிக்கொண்டே போகும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு கையை மெதுவாகத் தலைக்குக் கொண்டுபோய், வில்லையைப் பிடுங்கி, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தன் விளையாட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

அவள் அப்பா பேசினால் கழற்றுவதில்லை. அவர் இப்போது கொஞ்சமாகத்தான் பேசுகிறார்.

நான் எடுத்து மறுபடியும் மாட்டிவிடுவதில்லை. வற்புறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பேச்சை நிறுத்திவிட்டு, அவளாக வந்து வாங்கிக்கொள்ளும்வரை, வில்லை உள்ள கையை அவள் கண்ணில் படும்படி விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் வருகிறாள்.